கராச்சி போக ஓஸ்லோ போன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கராச்சிக்குப் போகவில்லை. "விசா கிடைத்ததா? எத்தனை நாளாயிற்று? இந்தியக் கடவுச்சீட்டோடு நார்வேயிலிருந்து விண்ணப்பிக்கலாமா?" என்று மின்னஞ்சலில் கேட்ட மூன்று நண்பர்களுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத அலுப்பாக இருந்ததால்தான் இந்தப் பதிவு.

ஓஸ்லோவுக்குப் போனது 2005 மே மாதம் முதல் வாரத்தில். நான் பேர்கனில் ஒரு கப்பல் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் வாணியம்பாடி. வீட்டில் பேசுவது உருது, அதாவது எங்கள் பக்கத்து உருது. அம்மாவுக்கு ஒரே அக்கா. நான் காலா என்று கூப்பிடும் அந்தப் பெரியம்மா, கல்யாணமாகிக் கராச்சிக்குப் போனவர். அக்காவும் தங்கையும் கடைசியாக நேரில் பார்த்துக்கொண்டது 1982இல். இந்த வருடம் காலாவுக்கு ஜூலையில் இதய அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தது. அம்மா தொலைபேசியில் அழுதார். அழுது முடித்ததும், "நீதான் வெளிநாட்டில் இருக்கிறாயே, அங்கிருந்து போவது சுலபம். எனக்குப் பதிலாக ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார்.

சுலபம்! இந்த ஒரு சொல்லை அடுத்த ஒரு மாதத்தில் எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? கிரிக்கெட் அணிகள் போய் வருகின்றன, பேருந்து விட்டிருக்கிறார்கள், தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள், இப்போது எல்லாம் சுலபம் என்றார்கள். கைகுலுக்கியவர்கள் யாரும் அந்த விண்ணப்பப் படிவத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊருக்கு மட்டும்தான் விசா. போய் இறங்கியதும் காவல் நிலையத்தில் பதிய வேண்டும், கிளம்பும் முன் மறுபடி பதிய வேண்டும். படிவம் ஐந்து பிரதி, புகைப்படம் ஐந்து. ஓஸ்லோவில் இருக்கும் பாகிஸ்தான் தூதரகத்துக்கு நேரில் வர வேண்டும். கோப்பு அங்கே போய் அனுமதி பெற்று வர ஆறு வாரம் ஆகலாம். தொலைபேசியில் எனக்குச் சொல்லப்பட்டது இது. இந்தப் பக்கத்து விதிகளும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஏறக்குறைய இதேதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாடுகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல இருக்கும்.

காலாவின் மகன் சலீம் பாய் கராச்சியில் அரசு அலுவலர். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த அழைப்புக் கடிதம், அடையாள அட்டையின் நகல், மின்கட்டண ரசீது எல்லாம் ஒழுங்காக அனுப்பியிருந்தார். அதே உறையில் காலா தன் கையால் உருதுவில் எழுதிய இரண்டு பக்கக் கடிதமும் இருந்தது. எனக்கு உருது எழுத்து தெரியாது. அப்பா தபால் துறையில் இருந்தார். ஆரணி, செய்யாறு, திண்டிவனம் என்று மாற்றலாகிக்கொண்டே இருந்ததால் நான் முழுக்கத் தமிழ்ப் பள்ளிகளில் படித்தவன். குர்ஆனில் அரபு எழுத்தைக் கூட்டி வாசிப்பேன், ஆனால் அது குறிகள் எல்லாம் போட்டு அச்சடித்தது. காலாவின் கையெழுத்தோ சர்க்கரை டப்பாவுக்குள் புகுந்த எறும்புக் கூட்டம். 'மகனே' என்ற முதல் சொல்லும் 'கராச்சி'யும் தெரிந்தன. வா வா என்றுதான் எழுதியிருப்பார், சொந்தக் கையெழுத்தில் அழைப்பு இருந்தால் விண்ணப்பத்துக்குப் பலம் என்று நினைத்து அதையும் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

பேர்கனிலிருந்து ஓஸ்லோவுக்கு ரயில். காலை 7.58க்குக் கிளம்பி மதியம் இரண்டரை மணிக்குச் சேரும். ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன்கூட்டியே பதிந்தால் ஒரு வழிக்கு 199 குரோனர். ஃபின்ஸே நிலையத்தில் மே மாதத்திலும் சன்னலின் பாதி உயரத்துக்குப் பனி. வண்டியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்து பிரதிகளிலும் 'தந்தையின் தந்தை பிறந்த இடம்' என்ற கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நார்வேயின் மிக அழகான ரயில் பாதையில் போனவன் என்ற முறையில் உங்களுக்கு நான் தரக்கூடிய வர்ணனை இவ்வளவுதான்.

தங்கியது வெஸ்ட்லியில், தயாபரன் அண்ணன் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு பேர்கனில் என் பக்கத்து வீடு, இப்போது ஓஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறார். ஓஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து ஐந்தாம் எண் சுரங்க ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போனால், அரை மணிக்கும் குறைவு. ஒரு நாள் பயணச்சீட்டு 60 குரோனர். வெளியே வந்ததும் உயர உயரமான குடியிருப்புகள். அவர் வீடு மூன்றாம் மாடி. புதன்கிழமை மாலை போய் இறங்கி, "நாளைக் காலை முதல் ஆளாகத் தூதரகத்தில் நிற்க வேண்டும்" என்றேன்.

"நாளைக்கோ? நாளைக்கு ஹெல்லிடாக் எல்லே! எல்லாம் பூட்டு," என்றார் தயாபரன் அண்ணன்.

கிறிஸ்து விண்ணேறிய நாள், நாடு முழுக்கப் பொது விடுமுறை. ஆறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் இந்த விடுமுறையில் தூங்கியிருக்கிறேன். பயணத்தேதி குறிக்கும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை. பயணத்தில் ஒரு நாள் அப்படியே போயிற்று. வியாழக்கிழமை முழுக்க மழை. அண்ணன் தேநீர் மேல் தேநீராக ஊற்றிக்கொண்டு என்னை விசாரித்தார்.

"தம்பி, நீங்கள் தமிழ்தானே? பிறகென்னெண்டு வீட்டில உருது கதைக்கிறியள்?"

விளக்கினேன்.

"அப்ப உருது தெரியும். ஆனா வாசிக்கத் தெரியாது."

"ஆமாம்."

"தமிழ் வாசிக்கத் தெரியும். ஆனா வீட்டில கதைக்கிறேல்லை."

"ஆமாம் அண்ணே."

"இந்தியன். பாகிஸ்தானுக்குப் போக நோர்வேக்காரனிட்ட லீவு எடுத்துக்கொண்டு வந்து நிக்கிறியள்." அவர் தலையை ஆட்டினார். "எங்கட பிரச்சினையைத்தான் சிக்கல் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

வசந்தி அக்கா, அவர் மனைவி, சமையலறையிலிருந்து, "விடுங்கோ அந்தப் பிள்ளையை, சாப்பிடட்டும்" என்று சத்தம் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கெல்லாம் ட்ராமில் போய் இறங்கிவிட்டேன். மேற்குப் பக்கம், மரங்கள் வரிசையாக நிற்கும் அமைதியான தெருக்கள், பாதி வீடுகளில் ஏதாவது ஒரு நாட்டின் கொடி. எனக்கு முன்னால் ஏழு பேர், எல்லோரும் நார்வேயில் குடியேறிய பாகிஸ்தானியர்கள். விசா, கடவுச்சீட்டு என்று வந்தவர்கள் தங்களுக்குள் பஞ்சாபியிலும் நார்வேஜிய மொழியிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் உருது பேசத் தயாராக நின்றவன் நான் ஒருவன்தான் போலிருந்தது, என் கையில்தான் இந்தியக் கடவுச்சீட்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர், சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார். கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், ஆங்கிலத்தை விட்டுவிட்டு உருதுவுக்கு வந்தார். மழையில் நனைந்திருக்கிறீர்களே, தண்ணீர் ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டார். நான், "நக்கோ ஜீ" என்றேன். வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்வது அதுதான், அவர்கள் பக்கத்து உருதுவில் அந்தச் சொல் கிடையாது. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"ஹைதராபாத்தா?"

"இல்லை. மதராஸ் பக்கம்."

"மதராஸில் உருதுவா?" பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பி, "கேட்டீர்களா, நக்கோ என்கிறார்" என்றார். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் சிரிக்கிற மனிதர் கோப்பைச் சீக்கிரம் வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில் நானும் சிரித்து வைத்தேன்.

ஐந்து பிரதிகளையும் புரட்டினார். எல்லாம் சரி என்றார். சலீம் பாயின் கடிதம் சரி, ரசீது சரி. பிறகு காலாவின் கடிதத்தை எடுத்தார். முதல் பக்கம் வாசிக்கும்போது அவர் உதட்டில் இன்னும் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் அது போய்விட்டது. ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"இதை நீங்கள் வாசித்தீர்களா?"

"எனக்கு எழுத்து தெரியாது. வா என்று அழைத்திருப்பார்."

அவர் இரண்டு தாள்களையும் மடித்து உறைக்குள் வைத்தார். அதன் மேல் என் விண்ணப்பத்தையும் வைத்து, எல்லாவற்றையும் கண்ணாடிக்கு அடியில் என் பக்கமாகத் தள்ளினார்.

"யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை வாருங்கள்."

"நீங்களே இப்போது வாசித்தீர்களே! என்னவென்று சொல்லக்கூடாதா?"

"நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நான் சொன்னால் சரியாக இருக்காது," என்றார். "அடுத்தவர்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. பேர்கனிலிருந்து ஆறரை மணி நேரம். ஒரு நாள் விடுமுறையில் வீண். உருதுவைத் தேசிய மொழியாக வைத்திருக்கும் நாட்டின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, உருதுக் கடிதத்தைக் கரைத்துக் குடித்தவர் போல வாசித்துவிட்டு, "யாரிடமாவது கொடுத்து வாசியுங்கள்" என்று திருப்பித் தருகிறார்! இந்தியன் என்பதற்காக இழுத்தடிக்கிறார் என்று முடிவுகட்டினேன். ட்ராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவரையும், இரண்டு நாட்டு வெளியுறவுத் துறைகளையும், என்னைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்த அப்பாவையும் சேர்த்தே திட்டினேன்.

உருது வாசிப்பவர் வேண்டுமென்றால் கிரன்லாந்துக்குப் போ என்றுதான் ஓஸ்லோவில் யாரும் சொல்வார்கள். காய்கறிக் கடைகளும் தொலைபேசி அட்டைக் கடைகளும் நிறைந்த, மத்திய நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய இடம். போனேன். முதல் கடையில் நின்ற இளைஞன் உறையைப் பிரித்துப் பார்த்து, "நான் இங்கே பிறந்தவன். பேசுவேன், எழுத்து வராது" என்றான். இரண்டாவது கடைக்காரர் பஞ்சாபி எழுத்தாக இருந்தால்... என்று இழுத்தார், அவர் இந்தியாவின் லூதியானாக்காரர். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் வாசிக்கத் தெரியும் என்றார், மூக்குக் கண்ணாடி வீட்டில் இருந்தது. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, கராச்சிக்குப் பேச ஐம்பது குரோனர் அட்டை ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு வெஸ்ட்லிக்குத் திரும்பினேன்.

கதவைத் திறந்த வசந்தி அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானே? மேல ஏழாம் மாடியில ரஸியா இருக்கிறா. இஞ்சைப் பள்ளிக்கூடத்தில பாகிஸ்தான் பிள்ளையளுக்கு உருது படிப்பிச்சவ. நேற்றே சொல்லியிருந்தா நேற்றே வாசிச்சிருக்கலாம்" என்றார்.

நேற்று எனக்கு இது வாசிக்க வேண்டிய கடிதம் என்றே தெரியாதே, அக்கா!

ரஸியா ஆபாவுக்கு (ஆபா என்றால் அக்கா) அறுபது வயது இருக்கும். பள்ளிகளில் தாய்மொழி வகுப்புகளைக் குறைத்தபோது வேலை போனவர். வசந்தி அக்காவும் அவரும் நார்வேஜிய மொழியில்தான் பேசிக்கொண்டார்கள், இருவருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். என்னிடம் உருதுவில் நலம் விசாரித்தார், 'நக்கோ'வுக்குச் சிரிக்கவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் வாசிப்பது போலத் தெளிவாக உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

முதல் பக்கம் முழுக்க துஆ என்கிற பிரார்த்தனைகள், அம்மாவின் முழங்கால் வலி, வாணியம்பாடி பிரியாணி. இரண்டாம் பக்கத்தில் ரஸியா ஆபாவின் குரல் தானாகத் தாழ்ந்தது. எனக்கு நினைவிருக்கும் வரை தமிழில் தருகிறேன்:

"மகனே, சலீமிடம் சொல்லி அழைப்பு அனுப்பியிருக்கிறேன். அனுப்பாவிட்டால் உன் அம்மா என்ன நினைப்பாள்? ஆனால் போன வருடம் இந்தியாவிலிருந்து உன் மாமன் மகன் வந்து போன பிறகு சலீமை அலுவலகத்தில் மூன்று தடவை கூப்பிட்டுக் கேட்டார்கள். யார் அவன், எதற்கு வந்தான், என்ன பேசினீர்கள் என்று. அவனுக்கு வர வேண்டிய பதவி உயர்வு நின்றுவிட்டது. என்னிடம் அவன் சொல்லவில்லை, மருமகள் சொல்லித் தெரியும். நீ வந்தால் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். வராமல் இருந்தால் உனக்காக இன்னும் அதிகமாக துஆ செய்வேன். வேண்டாம் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்."

ரஸியா ஆபா தாளை மடியில் வைத்தார். இந்தக் கடிதத்தைத்தான் நான் ஐந்து பிரதி படிவத்தோடு சேர்த்து, சலீம் பாயின் பெயரும் அலுவலக முகவரியும் இருக்கிற கோப்புக்குள் வைத்து, அந்தக் கண்ணாடிக்கு அடியில் தள்ளியிருந்தேன். அந்த மனிதர் ஒரு முத்திரை குத்தி உள்ளே வாங்கி வைத்திருந்தால் போதும், அது அப்படியே கராச்சிக்கு, சலீம் பாயைக் கூப்பிட்டுக் கேட்டவர்களின் கைக்கே போயிருக்கும். அவர் வாங்கவில்லை. எனக்கோ காலையிலிருந்து அவர் மேல் எவ்வளவு கோபம்!

"என்னவாம் தம்பி? பெரியம்மாவுக்கு ஏதும் கடுமையோ?" வசந்தி அக்கா என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். உருதுவில் ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்கவில்லை.

"ஒன்றுமில்லை அக்கா. வர வேண்டாமாம்."

"ஓம், அப்பிடியும் வீடுகள் இருக்கு," என்றார். "எங்கட ஆக்களுக்கும் சிலவேளை போன் எடுக்கவே வேண்டாம் எண்டு ஊரில இருந்து எழுதினவை." ரஸியா ஆபாவுக்கு அதை நார்வேஜிய மொழியில் சொன்னார். ரஸியா ஆபா தலையசைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்தார்.

மாலை நான்கு மணிக்கு, கராச்சியில் ஏழு, காலாவைக் கூப்பிட்டேன். என்ன சொல்வதென்று அட்டையின் எண்களை அழுத்தி முடிக்கும் வரை தெரியவில்லை. குரலைக் கேட்டதும் வாயிலிருந்து தானாக வந்தது: "காலா, விசா கிடைக்கவில்லை. இந்தியன் என்றால் இப்போது முடியாதாம்."

கடிதத்தை வாசித்தாயா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "என்ன செய்வது மகனே, இரண்டு நாடும் அப்படி இருக்கின்றன," என்றார். பிறகு அழுதார். அது வருத்தமா நிம்மதியா என்று எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது அம்மா. அவரிடமும் அதையே சொன்னேன். அம்மா பத்து நிமிடம் இரண்டு அரசாங்கங்களையும் பெயர் சொல்லித் திட்டினார். நானும் ஒத்து ஊதினேன். நன்றாகவே திட்டினேன், அன்று காலையில்தான் ஒத்திகை பார்த்திருந்தேனே. கடைசியில் அம்மா, "அக்கா தன் கையால் எழுதியதாகச் சொன்னாயே, அந்தக் கடிதத்தையாவது எனக்கு அனுப்பு. நான் வாசித்துக்கொள்கிறேன்" என்றார். அம்மா உருதுப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர்.

"அது விண்ணப்பத்தோடு போய்விட்டது அம்மா," என்றேன்.

"என்ன எழுதியிருந்தாள்?"

"எனக்குத்தான் எழுத்து தெரியாதே."

"உன்னை உருதுப் பள்ளியில் சேர்க்காதது என் தப்பு," என்றார் அம்மா.

ரயில் சீட்டு திங்கள் மாலைக்குத்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓஸ்லோவைச் சுற்றிப் பார்த்தேன். எதுவும் மனதில் ஒட்டவில்லை, அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. திங்கள் காலை மறுபடியும் வரிசையில் நின்றேன். தேவையில்லைதான். அதே ஸ்வெட்டர், அதே நாற்காலி. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாசித்துக் கேட்டீர்களா?"

"கேட்டேன்."

"விண்ணப்பம்?"

"வேண்டாம் என்று முடிவு செய்தேன். அன்று நான் கோபத்தில் போய்விட்டேன். நன்றி சொல்லத்தான் வந்தேன்."

அவர் பேனாவை மூடினார். "எதற்கு நன்றி? நான் எதையும் பார்க்கவில்லையே," என்றார். எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிடுவதற்கு முன், கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "உங்கள் பெரியம்மா அழகாக எழுதுகிறார்" என்றும் சொன்னார். அதே நிமிடம் அடுத்தவரின் தாள்களை வாங்கிப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

இனி, இதே வழியில் போக நினைக்கிறவர்களுக்கு. மே மாதத்தில் நார்வேயில் எந்த அலுவலகத்துக்குப் போவதானாலும் நாட்காட்டியில் சிவப்பு எழுத்துகளை முதலில் பாருங்கள், பிறகு ரயில் சீட்டு எடுங்கள். தூதரகங்கள் பெரும்பாலும் காலையில் மட்டும்தான் விண்ணப்பம் வாங்கும், அதனால் முந்தின நாளே வந்து தங்குவது நல்லது. ஐந்து பிரதி என்றால் ஐந்தையும் வீட்டிலேயே அச்செடுத்து வாருங்கள். மத்திய நிலையத்தின் புகைப்படப் பெட்டியை நம்பாதீர்கள், சில்லறை இல்லாமல் நான் அரை மணி நேரம் அலைந்தேன். இந்தியக் கடவுச்சீட்டோடு அந்தப் பக்கம் போவதானால், நீங்கள் நார்வேயிலிருந்து போனாலும் நிலாவிலிருந்து போனாலும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு ஆறு வாரத்துக்கு மேலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களை வரவேற்கிறவர்களுக்கு நீங்கள் திரும்பி வந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் விசாரியுங்கள். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. யாராவது கையால் எழுதிய கடிதம் இருந்தால், அது எந்த மொழியானாலும், ஒருவரிடம் முழுக்க வாசித்துக் கேட்காமல் கோப்பில் வைக்காதீர்கள்.

காலாவுக்கு ஜூலையில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சலீம் பாய் இரண்டு வரி மின்னஞ்சல் போட்டிருந்தார். கடிதம் பேர்கனில் என் அலமாரியில் இருக்கிறது.

வாணியம்பாடியிலிருந்து யாராவது இதை வாசித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். என் அம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் வாசிக்க வராது. தயவுசெய்து யாரும் அவருக்கு இதை வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.